ஏசில அதே பார்ட் திரும்பத் திரும்ப போகுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னைல வேளச்சேரி, மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் வீட்டு ஏசி வேலை பாக்கறேன். எனக்கு வர்ற ஃபோன்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், "போன மாசம்தானே மாத்தினோம், மறுபடியும் அதே பார்ட் போச்சு"ங்கறாங்க. கெப்பாசிட்டரோ போர்டோ ரிலேவோ ஒரு தடவை போனா அது அந்த பார்ட்டோட ஆயுசுன்னு விட்டுடலாம், ரெண்டாவது தடவையும் அதே பார்ட் போச்சுன்னா அதை எதுவோ கொல்லுதுன்னு அர்த்தம், அது என்னன்னு அளந்து பாக்காம மூணாவத மாட்டறது உங்க காச எடுத்து வெயில்ல வைக்கற மாதிரி. அதனால வழக்கமா கேக்கற கேள்விகள எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

8 மாசத்துல 3 கெப்பாசிட்டர் போயிடுச்சு. மட்டமான சரக்கா இருக்குமா?

இருக்கலாம், ஆனா அது மட்டும்னு முடிவு பண்ணிடாதீங்க. சாதா ஏசில (இன்வெர்ட்டர் இல்லாதது) கம்ப்ரசர் மோட்டர் கிளம்பவும் ஓடவும் உதவறதுக்குன்னு ஒரு கெப்பாசிட்டர், 1.5 டன்னுன்னா பெரும்பாலும் 45 இல்ல 50 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கெப்பாசிட்டரோட அளவு), அது கம்ப்ரசர் ஓடற நேரம் முழுக்க லைன்லயே இருக்கும். அதுக்கு ரெண்டு எதிரி. ஒன்னு சூடு, இன்னொன்னு வோல்டேஜ்.

சூட்டுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு வீட்டுல அவுட்டோர் யூனிட்ட மேற்கு பாத்த பால்கனில வச்சு, திருட்டு பயத்துல சுத்தி கிரில் போட்டு, கிரில் மேல பறவை வராம இருக்க பச்சை வலையும் கட்டி வச்சிருந்தாங்க. அவுட்டோர் துப்பற சூடு காத்து வெளிய போக வழியில்லாம சுத்தி வந்து அதே காயிலுக்குள்ள போகுது, அதே சூடு காத்த மறுபடியும் இழுக்குது. வெளிய 40 டிகிரின்னா அந்த கூண்டுக்குள்ள அதுக்கும் எவ்வளவோ மேல, கெப்பாசிட்டர் இருக்கற டப்பாவோ கம்ப்ரசர் பக்கத்துலயே இருக்கு. 10 டிகிரி சூடு ஏறினா கெப்பாசிட்டர் ஆயுசு தோராயமா பாதியாகும்னு தொழில்ல ஒரு கணக்கு உண்டு. எனக்கு முன்னாடி வந்தவங்க 3 பேரு 3 கெப்பாசிட்டர் மாத்திட்டு போயிருக்காங்க, ஒருத்தர் கூட அந்த வலைய கழட்ட சொல்லல. நான் வலைய எடுத்து, முன்பக்க கிரில்ல ரெண்டு கம்பிய அறுத்து வழி விட சொன்னேன், அப்புறம் அந்த வீட்டுலேர்ந்து கெப்பாசிட்டர்னு ஃபோன் வரல.

ரெண்டாவது வோல்டேஜ். கெப்பாசிட்டர் மேல விழற வோல்டேஜ் லைன்ல வர்ற 230 இல்லீங்க, கம்ப்ரசரோட ஸ்டார்ட் வைண்டிங் சேந்து அதை 350, 400 வரைக்கும் தூக்கும், அதனாலதான் அதுல 440, 450னு போட்டிருக்காங்க. லைன் வோல்டேஜ் 255, 260னு ஏறினா இதுவும் கூடவே ஏறும். எல்லாரும் தூங்கின பிறகு லோடு குறைஞ்சு விடியக்காலைல வோல்டேஜ் ஏறற ஏரியாக்கள் நெறைய இருக்கு, பகல்ல மெக்கானிக் வந்து மீட்டர் வச்சு பாத்தா 232 காட்டும், "லைன் சூப்பரா இருக்கு"ன்னு சொல்லிட்டு போயிடுவாரு. ஒரு வாரம் காலைல 5 மணிக்கும், மதியம் 3 மணிக்கும், ராத்திரி 10 மணிக்கும் ஸ்டெபிலைசர் இன்புட் காட்டற நம்பர ஃபோட்டோ எடுத்து வைங்க, அந்த 21 ஃபோட்டோ இருந்தா பாதி வேலை முடிஞ்சிடும்.

நல்ல கெப்பாசிட்டர்னு எப்படி கண்டுபிடிக்கறது? மேல என்னென்னமோ எழுதியிருக்கே?

அந்த எழுத்துலதான் விஷயமே இருக்கு, யாரும் படிக்கறதில்ல. வோல்டேஜ் பக்கத்துல ஏ, பி, சி, டின்னு ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கும், அது எத்தனை மணி நேரத்துக்கு டிசைன் பண்ணதுன்னு சொல்ற கிளாஸ். 'ஏ'ன்னா 30,000 மணி நேரம், 'பி'ன்னா 10,000, 'சி'ன்னா 3,000, 'டி'ன்னா 1,000. இப்ப கணக்கு போடுங்க, தினமும் 8 மணி நேரம் கம்ப்ரசர் ஓடினா வருஷத்துக்கு 2,920 மணி நேரம். சி கிளாஸ்னா ஒரு வருஷத்துலயே அதோட கணக்கு முடிஞ்சது, டி கிளாஸ்னா 4 மாசம்! ஒரே கெப்பாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு 'பி', 450 வோல்ட்டுக்கு 'சி'ன்னு ரெண்டும் போட்டிருக்கும், வோல்டேஜ் ஏறினா ஆயுசு எப்படி குறையுதுன்னு கம்பெனிக்காரனே எழுதி கொடுத்திருக்கான் பாருங்க.

அப்புறம் 25/70/21, 40/85/21னு ஒரு வரி இருக்கும். நடு நம்பர்தான் அது தாங்கற அதிகபட்ச சூடு. நம்ம ஊரு மொட்டை மாடிக்கு 85 போட்டதுதான் வாங்கணும், 70 போட்டது வேண்டாம். பி0, பி2ன்னு இருந்தா பி2 எடுங்க, அது கெட்டுப்போனா உள்ள லிங்க் தானா அறுந்து மேல் மூடி உப்பி நின்னுடும், பி0ல அந்த பாதுகாப்பு எதுவும் கிடையாது. எந்த எழுத்துமே இல்லாம வெறும் "50 எம்எஃப்டி 440 வோல்ட்" ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி, கைல எடுத்தா எடையே இல்லாம இருந்தா அதை கடையிலயே வச்சிட்டு வந்துடுங்க. விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான், மெக்கானிக் ஒரு தடவை வந்துபோற சார்ஜே அதுக்கு மேல.

50க்கு பதிலா 60 போட்டா ஸ்டார்ட்டிங் நல்லா இருக்கும்னு சொல்றாங்க?

போடாதீங்க. ஸ்டார்ட் வைண்டிங்ல கரன்ட் கூடும், வைண்டிங் சூடாகும், கொஞ்ச நாள்ல கம்ப்ரசருக்கே கேடு. கம்ப்ரசர் ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அதே எம்எஃப்டி, வோல்டேஜ் மட்டும் அதே அளவோ அதுக்கு மேலயோ இருக்கலாம்.

கழட்டாம, ஓடும்போதே கெப்பாசிட்டர் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும், இது மெக்கானிக் தம்பிங்களுக்கு. ஸ்டார்ட் வயர்ல கிளாம்ப் மீட்டர் போட்டு ஆம்ப்ஸ் எடுங்க, கெப்பாசிட்டர் ரெண்டு முனைலயும் வோல்டேஜ் எடுங்க. ஆம்ப்ஸ 3183ஆல பெருக்கி வோல்டேஜால வகுத்தா எம்எஃப்டி வந்துடும் (இது நம்ம 50 ஹெர்ட்ஸ் லைனுக்கு). 5.4 ஆம்ப்ஸ், 350 வோல்ட்னா 49 வரும், 50 போட்ட கெப்பாசிட்டருக்கு அது ஓகே. 43, 42ன்னு வந்தா மாத்திடுங்க, ஏன்னா 5 சதவீதம் குறையலாம்னுதான் பொதுவா அளவு. இதுல இன்னொரு லாபமும் இருக்கு, கெப்பாசிட்டர் மேல நிஜமா எவ்வளவு வோல்டேஜ் விழுதுன்னு கண்ணால பாத்துடலாம், 420, 430னு வந்தா அது ஏன் சாகுதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

இன்டோர் போர்டுல ஃபியூஸ் போயி, பக்கத்துல நீலமா வட்டமா ஒன்னு இருக்குமே அதுவும் வெடிச்சிருக்கு. மாத்தினோம், 20 நாள்ல மறுபடியும் அதே!

இந்த கேள்வி வந்தா நான் ஏசிய பாக்கறதுக்கு முன்னாடி மீட்டர் பாக்ஸ்தான் பாப்பேன்.

அந்த நீல வட்டத்துக்கு எம்ஓவின்னு பேரு, அதுல 471ன்னு நம்பர் இருக்கும். கிட்டத்தட்ட 300 வோல்ட் வரைக்கும் சும்மா உக்காந்திருக்கும், அதுக்கு மேல போனா தன்மேல இழுத்துக்கிட்டு ஃபியூஸ போக வச்சு போர்டுல மிச்சத்த காப்பாத்தும். மின்னல் மாதிரி ஒரு நொடிக்கும் கம்மியா வர்றத பல தடவை தாங்கும், ஆனா 340, 350 வோல்ட்னு சில நொடி நின்னா சூடாகி வெடிச்சிடும். அப்ப எம்ஓவி வெடிச்சு கரி பிடிச்சிருந்தா உங்க வீட்டுக்கு 300க்கு மேல வோல்டேஜ் வந்திருக்குன்னு அது சாட்சி சொல்லுது. போர்டு கம்பெனியையோ ஏசி கம்பெனியையோ திட்டி பிரயோஜனம் இல்ல.

230 வோல்ட் லைன்ல 350 எங்கேர்ந்து வரும்னு கேப்பீங்க. நியூட்ரல்லேர்ந்து. தெருவுல போறது 3 ஃபேஸும் ஒரு நியூட்ரலும், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 400 வோல்ட் இருக்கு. நியூட்ரல் ஒழுங்கா இருக்கற வரைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் 230. கம்பத்துலயோ பில்லர் பாக்ஸ்லயோ உங்க மீட்டர் பக்கத்துலயோ நியூட்ரல் ஜாயிண்ட் லூஸாச்சுன்னா, நடுப்புள்ளி ஒரு பக்கம் சாஞ்சிடும், லோடு அதிகமா இருக்கற ஃபேஸ்ல 150ன்னு விழும், லோடு கம்மியா இருக்கற ஃபேஸ்ல 300, 350ன்னு ஏறும். அறிகுறி என்னன்னா, ஹால்ல லைட்டு மங்கும்போதே பெட்ரூம் லைட்டு பளிச்சுன்னு எரியும், ஃபேன் திடீர்னு வேகம் எடுக்கும், மிக்ஸி போட்டா வேற ரூம்ல லைட்டு கூடும். இதை பாத்தா உடனே மெயின ஆஃப் பண்ணுங்க. போன வாரம் பக்கத்து வீட்டுல டிவி போச்சுன்னு பேச்சு வந்திருந்தா அதையும் கேட்டு வச்சுக்கோங்க, அதே நியூட்ரலா இருக்கும்.

ஒரு அபார்ட்மெண்ட்ல 11 மாசத்துல 4 வீட்டுல போர்டு போச்சு. ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஏசிக்காரன கூப்பிட்டு தனித்தனியா காசு கொடுத்திருக்காங்க. மீட்டர் ரூம்ல மெயின் நியூட்ரல் பஸ்பார்ல (எல்லா நியூட்ரலும் வந்து சேர்ற உலோகப் பட்டை) ஒரே ஒரு போல்ட், செம்பு லக்கும் (கம்பி முனைல மாட்டற கண்ணி) அலுமினிய கம்பியும் நேரா சேத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமா பூத்து, விரலால தொட்டா ஆடுது. அதை பாத்தப்ப எனக்கு கோவம் வரல, அழுகைதான் வந்துச்சு, அதுல ஒரு வீடு பென்ஷன்ல வாழற ரெண்டு வயசானவங்க.

லூஸ் மீட்டருக்கு இந்தப்பக்கம், அதாவது வீட்டுப்பக்கம்னா லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியன், அந்தப்பக்கம்னா இபி. இபியோட புகார் மையமான மின்னகம் நம்பர் 94987 94987, 2021லேர்ந்து 24 மணி நேரமும் எடுக்கறாங்க. "கரன்ட் ஏத்த இறக்கமா இருக்கு"ன்னு சொன்னா வரிசைல நிக்கும், "நியூட்ரல் லூஸ், ஒரு ஃபேஸ்ல 300 வோல்ட் வருது"ன்னு சொல்லுங்க. அதே ஃபேஸ்ல இருக்கற 3, 4 வீட்டுக்காரங்களும் புகார் பதிஞ்சு நம்பர் வாங்கி வைங்க.

இன்னொன்னு, போன ஃபியூஸுக்கு பதிலா கம்பிய வச்சு சுத்திட்டு போற ஆளுங்க இருக்காங்க. தயவு செஞ்சு அனுமதிக்காதீங்க. பொதுவா அங்க இருக்கறது 3.15 ஆம்ப்ஸ் கண்ணாடி ஃபியூஸ், பத்து ரூபாய் சாமான், அடுத்த தடவை வோல்டேஜ் ஏறும்போது அது இல்லன்னா தீ பிடிக்கும்.

ஸ்டெபிலைசர் இருக்கே, அப்புறம் எப்படி போச்சு?

ஸ்டெபிலைசர் மெதுவா ஏறி இறங்கறதுக்குத்தான். 170லேர்ந்து 270 மாதிரி ஒரு எல்லை வச்சு அதுக்குள்ள டேப் (உள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ் எடுக்கற இடம்) மாத்தி கொடுக்கும், மேல போனா கட் பண்ணும், ஆனா கட் பண்றதுக்குள்ள சில நேரம் போர்டு போயிடும், 350 வந்தா ஸ்டெபிலைசரே கருகும். மின்னலுக்கு அது மருந்தே கிடையாது. அதுக்கு மெயின் போர்டுல சர்ஜ் புரொடெக்டர் போடணும், டைப் 2ன்னு கேட்டு வாங்குங்க, அதுவும் நல்ல எர்த் இருந்தாத்தான் வேலை செய்யும். நியூட்ரல் பிரச்சனைக்கு இப்ப டிஜிட்டல் டிஸ்ப்ளேயோட எம்சிபி மாதிரியே மாட்டற ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர் கிடைக்குது, 265ல கட், 175ல கட், திரும்ப ஆன் ஆக 180 செகண்ட்னு செட் பண்ணி வச்சா வீட்டுல இருக்கற ஃப்ரிட்ஜ், டிவி எல்லாத்துக்கும் சேத்து காவல்.

ஒரு சின்ன விஷயம், ராத்திரில ஸ்டெபிலைசர் "டக் டக் டக்"னு அடிச்சுக்கிட்டே இருந்தா வோல்டேஜ் சரியா டேப் மாறற இடத்துல நிக்குதுன்னு அர்த்தம். ஒவ்வொரு டக்குக்கும் கண் இமைக்கற நேரம் சப்ளை துண்டாகுது, கம்ப்ரசருக்கும் ரிலேவுக்கும் அது அடி. கேட்டும் கேக்காத மாதிரி தூங்கிடாதீங்க.

ரிமோட்ல ஆஃப் பண்ணாலும் அவுட்டோர் ஓடிக்கிட்டே இருக்கு. ரிலே மாத்தினா சரியாகுது, 3 மாசத்துல மறுபடியும் ஒட்டிக்குது.

கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது ஓடற கரன்ட்டவிட 5, 6 மடங்கு இழுக்கும், 8 ஆம்ப்ஸ்ல ஓடறது அந்த நொடில 40 வரைக்கும் போகும். ஒரு நாளைக்கு பத்து இருபது தடவைன்னா ரிலே (கம்ப்ரசருக்கு கரன்ட்ட விடற, நிறுத்தற சுவிட்ச்) தாங்கும். ஆனா கேஸ் கம்மியா இருந்தாலோ காயில் தூசி அடைச்சிருந்தாலோ கம்ப்ரசர் சூடாகி ஓஎல்பி (ஓவர்லோட் புரொடெக்டர்) கட் ஆகும், ஆறினதும் திரும்ப ட்ரை பண்ணும், கட் ஆகும், இப்படியே ராத்திரி பூரா. லோ வோல்டேஜ்ல ரிலே காயிலுக்கு 12 வோல்ட் சரியா கிடைக்காம கான்டாக்ட் நடுங்கினாலும் பொறி பறந்து ஒட்டிக்கும். அதனால ரிலே மாத்தினவர்கிட்ட கேஸ் பிரஷர் பாத்தீங்களா, ஸ்டார்ட் ஆகும்போது அவுட்டோர் டெர்மினல்ல வோல்டேஜ் எவ்வளவுக்கு இறங்குதுன்னு பாத்தீங்களான்னு கேளுங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல 30 ஆம்ப்ஸ் ரிலேன்னு விக்கறதுல 10 ஆம்ப்ஸ் கூட தாங்காததும் இருக்கு, அது வேற.

ஏசி பாக்ஸ்ல ப்ளக் அடிக்கடி கருகுது. இதுக்கும் போர்டு போறதுக்கும் சம்பந்தம் உண்டா?

நெறைய உண்டு. ஏசி ஆஃப்ல இருக்கும்போது பாக்ஸ்ல வோல்டேஜ் பாருங்க, ஓட விட்டு பாருங்க. 2, 3 வோல்ட் இறங்கினா பரவால்ல. 10 வோல்ட் இறங்கினா, 8 ஆம்ப்ஸ் ஓடற லைன்ல 80 வாட்ஸ் எங்கயோ சூடா போயிட்டிருக்கு, மூணு சோல்டரிங் அயன் சுவத்துக்குள்ள எரியற மாதிரி. அது லூஸ் ஸ்க்ரூவா இருக்கலாம், லைட்டுக்கு போட்ட 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்லேர்ந்து ஏசிக்கு இழுத்ததா இருக்கலாம். ஏசிக்கு மெயின் போர்டுலேர்ந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் செம்பு, 20 ஆம்ப்ஸ் சி கர்வ் எம்சிபி, நடுவுல ஜாயிண்டே கூடாது. கருகின ப்ளக்க மட்டும் மாத்தி கருகின சாக்கெட்ட விட்டா புது ப்ளக்கும் ஒரு மாசம்தான்.

இன்வெர்ட்டர் ஏசி. அவுட்டோர் போர்டு மூணாவது தடவை போயிடுச்சு, ஒவ்வொன்னும் ஆயிரக்கணக்குல. என்ன பண்றது?

முதல்ல அடுத்த போர்ட மாட்ட விடாதீங்க. இது ரொம்ப முக்கியம். போர்டு மேல கைய வைக்கறதுக்கு முன்னாடி, அந்த போர்டோட சேந்து வேலை செய்யறத எல்லாம் ஒவ்வொன்னா கழட்டி செக் பண்ணணும், ஏன்னா ஷார்ட் ஆன ஒரு ஃபேன் மோட்டர் புது போர்ட ஆன் பண்ண அந்த செகண்டே சாவடிக்கும்.

ஃபேன் மோட்டர்லேர்ந்து ஆரம்பிங்க. இப்ப வர்றதுல பெரும்பாலும் 5 வயர் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டர், சிவப்புல 310 வோல்ட் டிசி, கருப்பு கிரவுண்ட், வெள்ளைல 15 வோல்ட், மஞ்சளும் நீலமும் சிக்னல். கனெக்டர கழட்டி கருப்புக்கும் மத்த ஒவ்வொன்னுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க, கருப்பு வெள்ளைக்கோ கருப்பு சிவப்புக்கோ கிட்டத்தட்ட ஜீரோ காட்டினா மோட்டர்தான் கொலைகாரன். கரன்ட் இருக்கும்போதே அந்த கனெக்டர கழட்டி மாட்டினாலும் மோட்டரும் போகும் போர்டும் போகும், "சும்மா ஒரு தடவை புடுங்கி சொருகி பாக்கலாம்"னு பண்றவங்கள தடுத்து நிறுத்துங்க.

அடுத்து கம்ப்ரசர். மூணு முனைக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் மூணும் ஒரே மாதிரி வரணும், ஒன்னு மட்டும் மாறினா வைண்டிங் போயிட்டிருக்கு. பாடிக்கும் வைண்டிங்குக்கும் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கற மீட்டர்) வச்சு பாக்கணும், ஆனா கம்ப்ரசர் வயர போர்டுலேர்ந்து கழட்டிட்டுத்தான், மாட்டியே மெக்கர் போட்டா 500 வோல்ட் நேரா போர்டுக்குள்ள போகும். பாடிக்கு லீக் இருக்கற கம்ப்ரசர வச்சிக்கிட்டு எத்தனை ஐபிஎம் (போர்டுல கம்ப்ரசர ஓட்டற பவர் மாட்யூல்) மாத்தினாலும் நிக்காது.

மூணாவது நான் அடிக்கடி பாக்கற தப்பு. ஐபிஎம்முக்கும் அதோட சூட்ட இழுக்கற ஹீட் சிங்க்குக்கும் நடுவுல வெள்ளையா ஒரு பேஸ்ட் தடவணும். ரிப்பேர் பண்ணி கொண்டு வந்த போர்டுல பழைய பேஸ்ட் காஞ்சு பொடியா இருக்கும், சுரண்டி எடுத்து புதுசா தடவாம அப்படியே முறுக்கிடறாங்க, சில இடத்துல 4 ஸ்க்ரூவுக்கு 2 ஸ்க்ரூதான் இருக்கும். முதல் நாள் ஜில்லுன்னு ஓடும், கத்திரி வெயில் வந்ததும் ஐபிஎம் சூட்டுல வெடிக்கும். அவுட்டோர் காயில் அழுக்கா இருந்தாலும் இதே கதைதான், சூடு போக முடியாம கரன்ட் ஏறும்.

இன்டோரையும் அவுட்டோரையும் சேக்கற கேபிள்ல ஜாயிண்ட் இருக்கான்னும் பாருங்க. வீடு மாத்தும்போது நீளம் பத்தாம நடுவுல முறுக்கி டேப் சுத்தியிருப்பாங்க, மழைத்தண்ணி உள்ள போயி கம்யூனிகேஷன் லைன்ல ஃபேஸ் கசியும். எல் (ஃபேஸ்), என் (நியூட்ரல்), எஸ் (சிக்னல்) மூணையும் மாத்தி மாட்டினாலும் கம்யூனிகேஷன் சர்க்யூட் அப்பவே போச்சு. இது எல்லாத்தையும் பாத்து முடிச்சு பேப்பர்ல எழுதி வாங்கினப்புறம் போர்டு போடுங்க.

போர்டுல பல்லி செத்து கிடக்கு. நிஜமாவே பல்லியால போகுமா?

போகும், நம்ம ஊருல இது சாதாரணம். ஏசி ஆஃப்ல இருந்தாலும் போர்டு லேசா கதகதன்னு இருக்கும், லைட்டுக்கு வர்ற பூச்சிய தேடி வந்த பல்லி அங்க போயி தங்கும், 325 வோல்ட் டிசி இருக்கற ரெண்டு புள்ளிய ஒரே நேரத்துல தொட்டா அதுவும் போச்சு போர்டும் போச்சு. எறும்பு ரிலேக்குள்ளயும் கான்டாக்டருக்குள்ளயும் புத்து வைக்கும். வயர் உள்ள போற ஓட்டைய சிலிக்கானால அடைங்க, காத்து போற ஜன்னல நைஸ் வலையால மூடுங்க. ஹீட் சிங்க்க மட்டும் அடைச்சிடாதீங்க. சீசன் இல்லாத மாசத்துல எம்சிபியவே ஆஃப் பண்ணி வைக்கறதும் நல்லது.

சர்வீஸ் பண்ண அடுத்த நாளே போர்டு போகுது. வேணும்னே பண்றாங்களா?

நான் பாத்தவரைக்கும் அவசரம்தான் காரணம். பிரஷர் பம்ப்ப வச்சு இன்டோர் காயில்ல அடிக்கும்போது தண்ணி பக்கவாட்டுல போர்டு டப்பாக்குள்ளயும் ப்ளோயர் மோட்டர் பேரிங்குக்குள்ளயும் போகுது, துணி போட்டு மூட மாட்டாங்க, ஈரம் காயறதுக்குள்ள ஆன் பண்ணி "ஜில்லுன்னு வருது பாருங்க"ன்னு காட்டிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடணும். ஆசிட் கலந்த தண்ணில காயில கழுவறவங்களும் இருக்காங்க, அந்த ஆவி போர்டு பின்கள்ல பச்சை பூக்க வைக்கும், அது 2 மாசம் கழிச்சு வேலைய காட்டும். முன்னாடியே சொல்லுங்க: போர்டு பக்கம் பிளாஸ்டிக் கவர் போடணும், ஆசிட் வேண்டாம், முடிச்சு ஒரு மணி நேரமாவது கழிச்சுத்தான் ஆன் பண்ணணும்.

கடற்கரை பக்கம் வீடு. இங்க இருக்கற எல்லா ஏசியும் சீக்கிரம் போகுது.

திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கமெல்லாம் உப்புக்காத்து லக், ஸ்க்ரூ, ரிலே கால் எல்லாத்தையும் அரிக்கும். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம்னா சாக்கடைலேர்ந்து வர்ற கந்தக வாயு செம்ப கறுப்பாக்கும், வீட்டுல வெள்ளி கொலுசும் குத்துவிளக்கும் சீக்கிரம் கறுத்தா அதே காத்துதான் போர்டுலயும் படுதுன்னு புரிஞ்சுக்கலாம். போர்டுக்கு மேல கோட்டிங் அடிச்சது வாங்குங்க, ரிப்பேர் பண்ண இடத்துல கோட்டிங் போயிருக்கும், அங்க திரும்ப அடிக்க சொல்லுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை, குறிப்பா ஐப்பசி மழைக்கு முன்னாடி, எல்லா லக்கையும் கழட்டி சுத்தம் பண்ணி இறுக்கணும்.

நாங்களே திறந்து பாக்கலாமா?

வெளிலேர்ந்து பாக்கறது எல்லாம் நீங்களே பண்ணலாம், வோல்டேஜ் எழுதறது, ஃபில்டர் கழுவறது, அவுட்டோர் முன்னாடி காத்து போகுதான்னு பாக்கறது, பழுத்து போன ப்ளக் கண்டுபிடிக்கறது. மூடிய திறக்கற வேலை வேண்டாம். கெப்பாசிட்டர் கரன்ட் ஆஃப் பண்ணப்புறமும் சார்ஜ் வச்சிருக்கும், இன்வெர்ட்டர் போர்டுல 325 வோல்ட் டிசி சில நிமிஷம் நிக்கும், மெக்கானிக்கே எம்சிபி ஆஃப் பண்ணி 10 நிமிஷம் காத்திருந்து மீட்டர் வச்சு பாத்துட்டுத்தான் தொடணும். ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ணி "டப்"னு வெடிக்க வைக்கறது வித்தை மாதிரி தெரியும், கண்ணு போயிடும். ஆர் 32 கேஸ் லேசா தீப்பிடிக்கற வகை, அதனால கேஸ் கசிவோ எண்ணெய் கசிவோ தெரிஞ்சா பக்கத்துல பொறி பறக்கற எதையும் பண்ணாதீங்க.

வாரண்டில இருக்கு, ஆனா "வோல்டேஜ் பிரச்சனை, வாரண்டி வராது"ன்னு சொல்றாங்க.

எத வச்சு சொல்றாங்கன்னு எழுதி கேளுங்க. எம்ஓவி வெடிச்சிருந்தா அவங்க சொல்றது சரியா இருக்கலாம். எம்ஓவி அப்படியே இருந்து ஐபிஎம் மட்டும் போயிருந்தா வோல்டேஜ்னு சொல்றதுக்கு ஆதாரம் என்னன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, உங்ககிட்ட அந்த ஒரு வார வோல்டேஜ் ஃபோட்டோ இருந்தா பேச்சே மாறிடும். ஒவ்வொரு தடவையும் ஜாப் ஷீட் வாங்குங்க, கழட்டின போர்ட ஃபோட்டோ எடுங்க, புது போர்டோட சீரியல் நம்பர் எழுதிக்கோங்க. நடக்கலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.

4 வருஷ ஏசி, ரெண்டு போர்டு மாத்தியாச்சு. தூக்கி போட்டுட்டு புதுசு வாங்கிடலாமா?

கம்ப்ரசர் வைண்டிங் லீக் ஆகி, காயிலும் அரிச்சு கேஸ் நிக்கலன்னா வாங்கிடுங்க, அதுக்கு மேல செலவு பண்றது வீண். கம்ப்ரசரும் காயிலும் நல்லா இருந்தா நான் இன்னும் ஒரு தடவை முயற்சி பண்ணுவேன். எது பண்ணாலும் புது ஏசி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன கூப்பிட்டு மீட்டர்லேர்ந்து ஏசி பாக்ஸ் வரைக்கும் நியூட்ரல் ஸ்க்ரூ ஒவ்வொன்னா இறுக்கி, ஏசி ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட்னு அளக்க சொல்லுங்க. 2, 3க்குள்ள இருந்தா சரி. 5க்கு மேல வந்தா புது ஏசிய டெலிவரி பண்ண வேண்டாம்னு கடைக்கு ஃபோன் பண்ணி ஒரு வாரம் தள்ளி வைங்க, லைன் சரியானப்புறம் வரட்டும்.